எல்லா வசவும் ஒன்றா? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞராக இருப்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள், பள்ளிகளில் பேசப் போனால் ஆசிரியர்கள் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று மாவட்டங்கள் பிரிந்துவிட்டாலும் கேள்விகள் பிரியவில்லை. சாதி வசவுகளை இந்தப் பக்கத்தில் அச்சிடவில்லை. தெரியாத பிள்ளைகள் அவற்றை இங்கே வந்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

எல்லா இழிசொல்லையும் நம் சமூகம் ஒரே மாதிரிதான் பார்க்கிறதா?

இல்லை. ஒரு டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். காலை இழுத்து நடக்கிற ஒருவர் வருகிறார். அவர் காலை வைத்தே அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. கடைக்காரர் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், வந்தவரும் சிரித்தாக வேண்டும். சற்று நேரத்தில் இன்னொருவர் பேச்சுவாக்கில் ஒரு சாதி வசவைத் தொடங்குகிறார். கடை அமைதியாகிவிடுகிறது. "அண்ணாச்சி, இங்க வச்சுப் பேசாதிய" என்கிறார் கடைக்காரர். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், அவர் ஊர் எது என்று அவருக்குத் தெரியும். அந்த ஆள் எழுந்து போன பிறகு அதே சொல் அதே கடையில் தாராளமாகப் புழங்கும்.

சொல்லால் எவ்வளவு காயம் என்று யாரும் பார்ப்பதில்லை. காயப்பட்டவர் திருப்பிக் கேட்கக் கூடியவரா, அவருக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா, அமைப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியேதான் வரும். கேட்க ஆளில்லாதவர்களைப் பற்றிய சொற்கள்தான் நம் ஊரில் இன்னும் நகைச்சுவையாக இருக்கின்றன. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

சட்டமாவது சமமாகப் பார்க்கிறதா?

சட்டமும் ஒரே அளவுகோலை வைத்திருக்கவில்லை. பட்டியல் சாதியினரை அல்லது பழங்குடியினரைப் பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுமக்கள் பார்வையில் அவமதித்தாலும் அதே ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரைதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 92-ஆம் பிரிவு. இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. அந்தப் பிரிவில் பதிவான வழக்கை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று நம் பக்கத்துக் காவல் நிலையங்களில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கைவிரிப்பார்கள்.

திருநர் ஒருவரைச் சொல்லால் துன்புறுத்தினால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. உடம்பைத் தாக்கினாலும் பாலியல் வன்முறை செய்தாலும் அந்தச் சட்டத்தில் அதே இரண்டு ஆண்டுதான் உச்சம். பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் சொல்லுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை. தெருவில் நின்று கெட்ட வார்த்தை பேசினால் 296-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை. 2024 ஜூலைக்கு முன்னால் 294(பி) என்று ஊரெல்லாம் மனப்பாடமாக இருந்த பிரிவு இதுதான். சாதி, மதம், மொழி பெயரால் இரு பிரிவினருக்குள் பகை மூட்டினால் 196-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை.

நிறத்துக்கு என்று எதுவும் இல்லை. கறுத்த பெண் பிள்ளையை முதல் வகுப்பிலிருந்து கல்யாணப் பேச்சு வரை சொல்லிச் சொல்லியே குறுக வைக்கலாம், ஒரு சட்டமும் கிட்டே வராது.

ஒரே வசவு, ஒரே சாதி. ஓர் ஊரில் குற்றம், அடுத்த ஊரில் குற்றமில்லை என்பது உண்மையா?

உண்மை. அதுவும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சலவைத் தொழில் செய்துவந்த வண்ணார் சமூகம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைத் தாலுகாவிலும் பட்டியல் சாதி. தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதிகள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. அங்கே இருந்த பட்டியல் அப்படியே கூட வந்துவிட்டது.

ஆகவே செங்கோட்டைத் தாலுகாக் குடும்பத்துப் பெரியவரைச் சாதி சொல்லி வைதால் வன்கொடுமை வழக்கு. பக்கத்துத் தென்காசித் தாலுகாவில் இருக்கும் அவருடைய சம்பந்தி வீட்டுக்காரரை அதே வார்த்தையால் வைதால், கெட்ட வார்த்தை பேசிய சாதாரண வழக்கு. இரண்டு பேரும் ஒரே மாதிரி அழுக்கு மூட்டை சுமந்தவர்கள், ஒரே மாதிரி வாசலுக்கு வெளியே நின்று சோறு வாங்கியவர்கள். முடிதிருத்தும் சமூகத்துக்கும் இதே குறை உண்டு. பட்டியலில் இல்லை என்பதால் அவர்கள் பட்ட இழிவு குறைந்துவிடவில்லை. இங்கெல்லாம் சட்டம் மனிதர்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் நிற்கிறது.

சாதி சொல்லித் திட்டினால் உடனே கைது என்கிறார்களே?

ஊரில் இதை 'பி.சி.ஆர் கேஸ்' என்பார்கள். 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம், புதிய சட்டம் வந்து முப்பது வருடம் கடந்தும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்ஜாமீன் பொதுவாகக் கிடையாது என்பது சரி. ஆனால் வழக்கு நிற்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

வயல் வேலைக்குப் போகிற ஓர் அம்மா என்னிடம் மனு எழுத வந்தார். "சாதியச் சொல்லி ஏசிட்டான் சார்" என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதான் சார், சாதியச் சொல்லி" என்றார். அந்த வார்த்தையைச் சொல்லுங்கள் அம்மா, அப்படியே எழுத வேண்டும் என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். கூட வந்த மகன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். கடைசியில் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, அவரே ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்துக் கொடுத்தார். அதைப் பிரித்துப் பார்த்து நான் மனுவில் ஏற்ற வேண்டும், காவல் நிலையத்தில் ஏட்டு அதை உரக்கப் படிப்பார், பிறகு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் "சரியாகச் சொல்லுங்கள், என்ன வார்த்தை?" என்று கூண்டில் நிற்க வைத்துக் கேட்பார். பட்ட அவமானத்தை நாலு இடத்தில் திரும்பப் பட்டால்தான் நியாயம் கேட்கவே முடியும்.

அடுத்தது 'பொதுமக்கள் பார்வையில்' என்ற நிபந்தனை. யாராவது பார்த்திருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டும். வீட்டு வாசலில் வைத்து, போவோர் வருவோர் காதில் விழும்படி ஏசினாலும் அது பொதுப் பார்வைதான் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலு சுவருக்குள் மூன்றாம் ஆள் இல்லாமல் நடந்தால் இந்தப் பிரிவு வராது என்று 2020-இல் சொன்னது. 2025 ஜனவரியில் திருச்சி மாவட்டம் லால்குடி வழக்கு ஒன்றில், அலுவலக அறைக்குள் அரசு ஊழியர் ஒருவர் சாதி சொல்லித் திட்டப்பட்டார் என்ற குற்றச்சாட்டையும் இதே காரணத்தால் ரத்து செய்தது. அதாவது வரப்பில் பத்துப் பேர் நடுவே சொன்னால் குற்றம், பம்புசெட் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால் இந்தப் பிரிவுக்குள் வராது. கேட்டவர் நெஞ்சுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பொய் வழக்கு போடுகிறார்களே, அதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பேசலாம். பொய் வழக்கு எல்லாச் சட்டத்திலும் உண்டு. வரப்புத் தகராறில் 294(பி) போட்டு வந்ததில் பாதி இட்டுக்கட்டியது என்பது நீதிமன்றத்தில் நடமாடும் எவருக்கும் தெரியும். அதற்காக அந்தப் பிரிவையே எடுத்துவிடு என்று யாரும் ஊர்க்கூட்டம் போட்டதில்லை. வன்கொடுமைச் சட்டத்துக்கு மட்டும்தான் அந்தக் கோரிக்கை எழுகிறது. நான் அன்றாடம் பார்ப்பது வேறு. புகார் கொடுத்த மறுநாளே எதிர்ப்புகார் ஒன்று தயாராகிவிடும். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு வைத்து "ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிக்கிடுங்க" என்று பேசி முடிப்பார்கள். வாபஸ் வாங்காவிட்டால் வயலில் வேலை கிடைக்காது, கடையில் கடன் கிடைக்காது. இப்படி முடிந்துபோன வழக்குகளையும் பிறகு பொய் வழக்குக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

கிறிஸ்தவர் ஆகிவிட்டால் சாதி வசவு வலிக்காதா?

இது கேள்வியாக வரவில்லை, ஒரு பையன் ஆத்திரத்தில் கேட்டது. நியாயமான ஆத்திரம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே. தலித் கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வருகிறார். ஆகவே அவரைச் சாதி சொல்லி ஏசினால் வன்கொடுமைச் சட்டம் உதவிக்கு வராது.

தெருவுக்கொரு கோயிலும் தேவாலயமுமாக இருக்கும் நம் சீமையில் இது எத்தனை குடும்பங்களைப் பாதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏசுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்து ஏசுவதில்லை. ஒரே தெரு, ஒரே குடும்பத்தில் அண்ணன் சர்ச்சுக்குப் போகிறார், தம்பி அம்மன் கோயிலுக்குப் போகிறார், இரண்டு பேருக்கும் விழுவது ஒரே வார்த்தை. சர்ச்சுக்குள்ளேயே, கல்லறைத் தோட்டத்திலேயே சாதி பார்த்த இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் இன்னொரு பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை, குறிப்பாக அருந்ததியரை, சாதி சொல்லி இழிவாகப் பேசினாலும் இந்தச் சட்டம் பொருந்தாது. தூய்மைப் பணி செய்கிற அருந்ததியர் குடும்பங்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஏச்சு வாங்குகின்றன. ஒடுக்கப்பட்டவர்கள் என்ற பெயரில் ஒரே மேடையில் பேசும்போது இதைத் தள்ளிவைத்துவிடுகிறோம். தள்ளிவைக்கக் கூடாது.

பெயரில் என்ன இருக்கிறது? ஏன் பெயரை மாற்றச் சொல்லிப் போராடுகிறார்கள்?

பெயரில் ஒன்றும் இல்லை என்று சொல்பவர் பெரும்பாலும் தன் பெயரால் அவமானப்படாதவராக இருப்பார். இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1849-இல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அந்தச் சமூகத்தில் படித்து வந்த தலைமுறை அதில் தங்களை இழிவாக எழுதியிருப்பதைக் கண்டு 1880-களில் கடுமையாக எதிர்த்தது. மரியாதைக் குறைவாகப் புழங்கிய பழைய பெயரை விட்டு 'நாடார்' என்று அரசுக் கணக்கில் எழுத வைக்க 1921 வரை ஆயிற்று. நடுவே கடை, வியாபாரம், தங்களுக்குள் திரட்டிய மகமைப் பணம், பள்ளிக்கூடம் என்று ஒரு சமூகமே தன் கையால் எழுந்து நின்றிருந்தது. இன்று அந்தப் பழைய சொல்லைக் கடைத்தெருவில் சொல்ல யாருக்கும் துணிவு வராது.

சரியாக நூறு வருடம் கழித்து, 2021-இல், ஏழு பெயர்களை ஒன்றாக்கி 'தேவேந்திரகுல வேளாளர்' என்று நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. அதற்கும் நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. ஊரில் நாலு வீடாக இருக்கிற, சங்கம் வைக்க வழியில்லாத சமூகத்தின் பெயரை யார் மாற்றித் தருவார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

1997 ஞாபகம் இருக்கிறதா? விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியும் தேவேந்திரகுல வேளாளருமான வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் வேறு சாதியினர் சிலர். தென்மாவட்டமே பற்றி எரிந்தது. கடைசியில் எல்லா மாவட்டங்களிலும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் தலைவர் பெயர்களை எடுத்தார்கள். நம் மாவட்டத்துக்கு இருந்த கட்டபொம்மன் பெயரும் அதில்தான் போயிற்று.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். "பெருமாள்புரத்துப் பக்கம் என்.ஜி.ஓ. காலனி இருக்கே, அதுல என்ன கேவலம்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அரசு ஊழியர்கள் குடியிருக்கும் இடத்தில் அது வெறும் விலாசம். கிராமத்தில் "எந்தத் தெரு?" என்று கேட்டு "காலனி" என்று பதில் வந்ததும் தண்ணீர்ச் செம்பை நீட்டிய கை பின்னால் போகிறதே, அங்கே அது விலாசம் இல்லை.

மேல்சாதிக்காரர்களைத் திட்டினால் மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லையே?

பாதி உண்மை. குடுமி வைத்த அர்ச்சகர் மகனை வகுப்பில் கேலி செய்கிறார்கள், ஆசிரியரும் கூடச் சிரிக்கிறார் என்றால் அது தப்பு. அந்தப் பிள்ளை எந்தக் காலத்து அநியாயத்துக்கும் பொறுப்பாளி இல்லை. எந்தச் சாதியாக இருந்தாலும் பகை மூட்டும் பேச்சுக்கு 196-ஆம் பிரிவு பொருந்தும். 'யாரும் கண்டுகொள்வதில்லை' என்பது சரியில்லை.

ஆனால் இரண்டையும் சமம் என்று என்னால் சொல்ல முடியாது. சேரன்மகாதேவி குருகுலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வ.வே.சு. ஐயர் தேசபக்தியோடு நடத்திய பள்ளி. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று தெரிந்ததும் 1924, 25-இல் காங்கிரசுக்குள்ளேயே பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். அங்கே ஒரு கெட்ட வார்த்தையும் யாரும் பேசவில்லை, இலை போடும் இடத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் இலையும் கிணறும் சுடுகாடும் தனியாக இருந்தன. மேலே இருப்பவரை நோக்கிச் சொல்லும் கேலிக்குப் பின்னால் அப்படி ஒன்று இருந்ததில்லை. கேலி செய்யக் கூடாது. அதே நேரத்தில் தராசில் வைக்கும்போது அந்தத் தனி இலையையும் சேர்த்து வைக்க வேண்டும்.

உடல் குறையை வைத்துச் சொல்வது சும்மா தமாஷ்தானே?

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கியவை. வெள்ளைக் கம்போடு பஸ் ஏறும் பிள்ளைகளையும், சைகையில் பேசிச் சிரித்துப் போகும் பிள்ளைகளையும் நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்துப் பழகிய ஊர் இது. அந்த ஊரிலேயே, கவனிக்காமல் குறுக்கே வந்தவரைப் பார்த்து டிரைவர் கத்தும் முதல் வார்த்தை கண்ணைப் பற்றியது, இரண்டாவது காதைப் பற்றியது. 'லூசு', 'மெண்டல்' இரண்டும் பள்ளிக்கூடத்துக் கொஞ்சல் வார்த்தைகளாகவே ஆகிவிட்டன. மனநோய்க்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் ஒரு பெண், அந்தச் சீட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறார் என்றால் அந்தக் கொஞ்சல் வார்த்தைதான் காரணம். மனநோயும் 2016 சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் ஒன்று.

திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவது பற்றி 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்தது. அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, அவர்களைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று அதில் பிரித்துச் சொன்னது. நான் கேட்கும் கேள்வி இன்னும் எளியது. அந்த ஆள் சிரிக்காமல் இருந்தால் உங்களுக்குக் கோபம் வருமா? வரும் என்றால் அது தமாஷ் இல்லை.

இரண்டு ஆண்கள் சண்டையில் ஏன் பெண்களை ஏசுகிறார்கள்?

வாய்க்கால் தண்ணீருக்கு இரண்டு ஆண்கள் சண்டை போடுகிறார்கள். வசவு முழுவதும் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் அம்மா மேலும் அக்கா மேலும் விழுகிறது. காவல் நிலையத்தில் இது 'ஆபாச வார்த்தை' என்று பதிவாகும். பெண்ணை இழிவுபடுத்தியது என்று பதிவாவதில்லை, அந்தப் பெண் புகார்தாரரும் இல்லை. வெறும் வசவு ஆபாசம் ஆகாது என்று 2022-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்தப் பிரிவும் இப்போது வலுவிழந்து நிற்கிறது.

விதவையைக் குறிக்கும் சொல்லும், பிள்ளை இல்லாதவளைக் குறிக்கும் சொல்லும் நம் பக்கம் பெண்களே பெண்களை ஏசும் சொற்கள். கணவனை இழந்தது ஒரு துக்கம். அதையே வசவாக்கி வைத்திருக்கும் சமூகத்தில், இந்த வெறுப்புக்கு என்று ஒரு பெயர்கூட வைக்கப்படவில்லை. சாதிவெறி என்கிறோம், மதவெறி என்கிறோம். இதை 'வாய்த் துடுக்கு' என்று விட்டுவிடுகிறோம்.

திருநங்கைகள் விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறதா?

மேடையில் மாறியிருக்கிறது. 2008-இல் நலவாரியம் வந்தது, 'திருநங்கை' என்ற சொல் செய்தித்தாளில் நிலைத்தது. பஸ் ஸ்டாண்டில் இன்னும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் அந்தச் சொல்கூடத் தேவைப்படாது, கதவு சாத்தப்படும்.

கெட்ட வார்த்தை எதுவும் பேசாவிட்டால் பாகுபாடு இல்லை என்றுதானே அர்த்தம்?

மேலப்பாளையத்திலிருந்து ஒரு முஸ்லிம் ஆசிரியர் குடும்பம் டவுன் பக்கம் வீடு தேடியது. "வீடு காலியா இருக்கு, சார் பேரு என்ன?" பெயரைச் சொன்னதும், "அடடா, மச்சினன் வாரேன்னு சொல்லியிருந்தான், மறந்துட்டேன்" என்கிறார் வீட்டுக்காரர். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. காப்பிகூடக் கொடுத்தார்கள். பட்டியல் சாதிக் குடும்பத்துக்கு இதே காட்சி "சொந்த ஊர் எது? ஊருல எந்தப் பக்கம்?" என்று தொடங்கும். இந்த இனிமையான பேச்சுக்கு எதிராக எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது?

வடமாநிலத் தொழிலாளர்களை மொத்தமாக ஒரு திசைப் பெயரால் கூப்பிடுவதும் இதில் சேரும். சென்னையில் நம் பேச்சைக் கேட்டு 'அருவா' என்று சிரிக்கும்போது வருகிற எரிச்சல், நம் ஊர்க் கட்டடத்தில் சாந்து சுமக்கிற பையனுக்கும் வரும்.

'ஏலே' என்பது வசவா?

கூட்டாளிகளுக்குள் 'ஏலே', அம்மா மகனைக் கூப்பிடும் 'எய்யா', 'ஏலே' எல்லாம் நம் மண்ணின் பாசம். அதை வெளியூர்க்காரர் தப்பாக எடுத்தால் விளக்கிச் சொல்லலாம். ஆனால் எழுபது வயதுக்காரரை, அவர் பேரன் வயதுள்ள ஒருவன் 'ஏலே' என்கிறான், அவர் 'சொல்லுங்க ஐயா' என்கிறார் என்றால் அங்கே பாசம் இல்லை. திருப்பிச் சொல்ல முடியுமா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் சாதியைக் காட்டும் கயிறு கட்டுவது, பட்டப்பெயர் வைப்பது எல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு இல்லையா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதற்கு முன்னால் பல நாள் கேலியும் ஏவலும் நடந்திருக்கிறது. அவர் பள்ளிக்கு வராமல் நின்று, காரணம் கேட்ட ஆசிரியர்களிடம் சொன்ன பிறகுதான் அரிவாள் வந்தது. இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றுக்குத் தடை சொல்லி 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு வந்ததும் அமைதியாகிவிட்டது.

ஆசிரியர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். ஒரு பிள்ளை புகார் சொன்னால், சொன்னவன் பெயரை எதிர்த்தரப்பு வீட்டுக்குப் போக விடாதீர்கள். "ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்கலே" என்று முடித்து அனுப்பாதீர்கள். நம் பக்கம் சொல்லுக்கும் அரிவாளுக்கும் நடுவே தூரம் குறைவு.

அப்படியானால் எல்லா வசவுக்கும் ஒரே தண்டனை வைக்கலாமா?

வேண்டாம். சாதி வசவுக்குப் பின்னால் வெட்டும் தீயும் ஊர்விலக்கும் இருக்கிறவரை அதற்குத் தனிச் சட்டம், தனித் தண்டனை வேண்டும். அதைக் குறைத்துச் சமப்படுத்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மற்றவற்றை மேலே கொண்டுவர வேண்டும். திருநர் சட்டத்தின் இரண்டு ஆண்டு என்பது வெட்கக்கேடு. தலித் கிறிஸ்தவருக்குப் பாதுகாப்பு மறுப்பதற்கு நியாயம் கிடையாது. நிறத்துக்கும் விதவைக்கும் சட்டம் போட்டுத் தீராது. அதை வீட்டிலும் வகுப்பறையிலும்தான் தடுக்க முடியும், அடுத்த தடவை பாட்டி பேத்தியின் நிறத்தைச் சொல்லும்போது யாராவது "அப்படிச் சொல்லாதிங்க ஆச்சி" என்று சொல்ல வேண்டும்.

எனக்கே நடந்தால் எங்கே போவது? என்ன செய்வது?

அன்றைக்கே எழுதி வையுங்கள். சொன்ன வார்த்தை அப்படியே, இடம், நேரம், கேட்டவர்கள் யார். 'அசிங்கமாகத் திட்டினார்' என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்காது. வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காதீர்கள், படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகர எல்லை என்றால் மாநகரக் காவல் ஆணையருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பயனில்லாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கும் அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஜாமீன் மனு விசாரணையில் உங்கள் தரப்பையும் கேட்டாக வேண்டும், அது 15ஏ பிரிவு தரும் உரிமை.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று நின்றுவிட வேண்டாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். வன்கொடுமை உதவி எண் 14566, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்கிக்கொண்டே நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள்.